வெள்ளம் வருமுன்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதியன்று, பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடைவழியில் கிடக்கும் துவாலு என்னும் சிறு தேசத்தின் பிரஜைகளுக்காக ஒரு குலுக்கலின் பெயர்ப்பதிவு தொடங்கிற்று. பரிசுப் பணத்துக்கான குலுக்கல் அன்று அது. ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கு அனுமதி பெறும் குலுக்கல். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். ஆண்டொன்றுக்கு 280 பேருக்கு இடம். ஜூலை 18-ஆம் தேதி பதிவு முடிந்தபோது, மனுச் செய்தவர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக 8,750 பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். துவாலுவின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய பதினோராயிரந்தான்.

இந்தக் கணக்கைக் கண்டவுடன், மூழ்கும் கப்பலிலிருந்து ஜனங்கள் குதித்து ஓடுகிறார்கள் என்றே எவருக்கும் தோன்றும். அவ்வாறு எண்ணுவது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி என்று நாம் கருதுகிறோம். ஓடுகிறவன் கட்டணம் செலுத்திப் பெயரைப் பதிந்துவிட்டு, தன் முறை இவ்வாண்டு வருமோ மறு ஆண்டு வருமோ என்று வலை பின்னிக்கொண்டு காத்திருப்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நாம் சிறு பிராயம் முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அணை போட்டும் நிற்காத வெள்ளம் ஒன்று வரக்கூடுமானால் அப்போது ஒரு ஜனசமூகம் செய்யத்தக்கது யாது என்ற கேள்விக்கு, நமக்கெல்லாம் முன்பாக விடை தேடும் கடமை இந்தச் சின்னஞ்சிறு தேசத்தின் தலைமேல் விழுந்திருக்கிறது.

துவாலு என்ற சொல்லுக்கு எட்டும் சேர்ந்து நிற்பது என்று பொருள். தீவுகள் ஒன்பதாயினும், பழங்காலத்தில் ஜனங்கள் நிலையாகக் குடியிருந்தவை எட்டே என்பதால் அந்தப் பெயர் ஏற்பட்டது. ஒன்பதையும் சேர்த்தால் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த மேடு கடல் மட்டத்திற்கு மேல் ஐந்து மீட்டர்கூட இல்லை. எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில் பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்து, 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சுதந்திரம் பெற்ற இத்தேசத்தின் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகராகிய ஃபுனாஃபுட்டியிலே நெருங்கி வாழ்கிறார்கள். ஒருபுறம் சமுத்திரமும் மறுபுறம் உள்வாங்கிய காயலுமாக, சில இடங்களில் ஒரு தெருவின் அகலமே உடைய நிலத்தில், 1943-இல் அமெரிக்கப் படையினர் தென்னைகளை வெட்டிச் சாய்த்து அமைத்த விமான ஓடுபாதை ஒன்று நீண்டு கிடக்கிறது. வேறு மைதானம் இல்லாத அவ்வூரில் மாலைப் பொழுதானால் அந்த ஓடுபாதைதான் பிள்ளைகளுக்குப் பந்தாட்டக் களம், பெரியோருக்கு உலாவும் வீதி. புழுக்கம் மிகுந்த இரவுகளில் பாயை விரித்துக் காற்றாடப் படுத்து உறங்குவோரும் உண்டு. விமானம் வரும் வேளையில் சங்கு ஊதுவார்கள். ஜனங்கள் விலகிக் கொள்வார்கள். விமானம் இறங்கி ஓய்ந்தபின் மீண்டும் களம் நிறையும்.

கடல் உயர்வதை அந்நாட்டார் முதலில் கண்டுகொண்டது கரையோரத்தில் அன்று, தோட்டத்தில். பவளத் தீவில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. மழையாகப் பெய்த நீர் பவளப் பாறையினூடே இறங்கி, அடியில் நிற்கும் உப்பு நீரின்மேல் மெல்லிய ஏடு படிந்தாற்போல் மிதந்து நிற்கும். அதுவே அவர்களுடைய நிலத்தடி நீர். அந்த ஏட்டைத் தொடும்வரை பெரும் குழி தோண்டி, அதிலே புலகா என்னும் பெருஞ்சேம்பை நட்டு வளர்ப்பது தலைமுறை தலைமுறையாக வந்த விவசாயம். நட்ட ஒவ்வொரு செடியையும் சுற்றித் தாழை ஓலையால் கூடைபோல் முடைந்து, அதற்குள் இலைதழைகளை இட்டு மக்கவைத்து எருவாக்குவார்கள். இன்ன மரத்தின் இலையை இன்ன பருவத்தில் இடவேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்திலும் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிச் செல்லும் ரகசியம். கிழங்கு முற்றிப் பருக்க ஆண்டுகள் பல ஆகும். விருந்துக்கும் விசேஷத்துக்கும் அதை அகழ்ந்தெடுப்பதே குடும்பத்தின் கௌரவம். அந்தக் குழிகளில் இப்போது உப்பு ஊறுகிறது. செடி மஞ்சளித்துக் கிழங்கு அழுகிப் போகிறது. ரகசியம் அறிந்த தகப்பன் இருக்கிறான், கேட்டுக்கொள்ள மகனும் இருக்கிறான். ஆனால் அந்த ரகசியத்திற்கு உரிய மண் உவர்ப்பாகிவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடத் துவாலுவைச் சுற்றிக் கடல் மட்டம் இப்போது சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய நாசாவின் விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். 2050-ஆம் ஆண்டளவில் நிலத்தின் பெரும்பகுதி அன்றாடப் பெருக்கு அலையின் மட்டத்துக்குக் கீழே வந்துவிடும் என்பதும் அவர்கள் கூற்று. ஒரு சாண் அளவுகூட இல்லாத உயர்வு எவ்வளவு தீங்கு செய்துவிடும் என்று மேட்டு நிலத்தில் வாழ்வோருக்குத் தோன்றலாம். மார்பளவு உயரத்தில் வீடு கட்டி வாழ்பவனுக்கு அந்த ஒரு சாண் எத்தகையது என்பதை அவனே அறிவான்.

இனி, ஊரை விட்டுப் புறப்படுதல் என்பது அந்தச் சமுத்திரப் பிரதேசத்திற்குப் புதிதன்று. 1863-இல் பெரு நாட்டிலிருந்து வந்த கப்பல்காரர்கள், வேதம் கற்பிப்பதாக ஆசை காட்டி, ஃபுனாஃபுட்டியிலும் நுகுலாயிலாய் தீவிலும் நூற்றுக்கணக்கானோரைக் கப்பலேற்றி அடிமை வேலைக்குக் கொண்டு சென்றார்கள். போனவர் திரும்பி வரவில்லை. அதன்பின் நிகழ்ந்த இரண்டு குடிபெயர்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம் என்று நமக்குப் படுகிறது. இரண்டும் இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த காலத்தில், ஏறத்தாழ இரண்டாண்டு இடைவெளியில், பிஜி நாட்டின் வனுவா லெவு என்ற பெருந்தீவுக்கு அருகே, ஒன்றற்கொன்று அண்டையிலே உள்ள இரண்டு தீவுகளை நோக்கி நிகழ்ந்தவை. ஒன்று பிறர் வகுத்த திட்டம். மற்றொன்று தாமே வகுத்தது.

முதலாவது பனாபா தீவினரின் கதை. ஆறு சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அத்தீவின் மண் முழுவதும் உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட் என்று 1900-இல் கண்டுபிடித்தார்கள். ஆண்டுக்கு ஐம்பது பவுன் குத்தகைக்கு, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு என்று, எழுத்தறியாத மூப்பர்களிடம் உடன்படிக்கை எழுதி வாங்கிச் சுரண்டத் தொடங்கிவிட்டார்கள். யுத்த காலத்தில் ஜப்பானியர் தீவைப் பிடித்து, ஜனங்களைப் பல தீவுகளுக்குச் சிதறடித்தனர். யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் அதிகாரிகள் எஞ்சியோரை ஒன்று திரட்டி, உங்கள் வீடுகள் அழிந்துவிட்டன, திரும்பிச் செல்ல இடமில்லை என்று கூறி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ராம்பித் தீவுக்குக் கொண்டுபோய் 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி இறக்கினார்கள். அத்தீவை வாங்கிய பணம் பனாபா மக்களுக்குச் சேரவேண்டிய பாஸ்பேட் பங்குத் தொகையிலிருந்து எடுத்ததேயாகும். பனாபர் 703 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் குழந்தைகள். தங்குவதற்கு ராணுவக் கூடாரங்கள், புயற்பருவத்தின் தொடக்கம், பூமத்திய ரேகையின் வெப்பத்தில் வாழ்ந்து பழகிய உடம்புக்குப் புதிய சீதோஷ்ணம், உண்பதற்கு இரண்டு மாதத்துக்கான உணவுப் பொருள். தங்கள் மண்ணைத் தோண்டி எடுத்தவர்கள்மேல் அம்மக்கள் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1970-களில் இருநூறு நாட்களுக்குமேல் விசாரணை நடந்து, அக்காலத்தில் இங்கிலாந்து கண்ட மிக நீண்ட சிவில் வழக்குகளில் ஒன்றாயிற்று.

இரண்டாவது கதை துவாலுவின் வைதுப்புத் தீவினருடையது. அதைச் சொல்லுமுன், அவர்கள் எத்தகைய ஜனங்கள் என்பதை விளக்க அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவார் ஊர்ப்பொதுவாக ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்கி, அது நொடித்துப்போய், சமோவாவில் இருந்த ஒரு ஜெர்மானிய வர்த்தக நிறுவனத்துக்கு 13,000 டாலர் கடன்பட்டனர். கொடுக்கத் தவறினால் தீவே பறிபோகும் என்ற நிலை வந்தது. தென்னையைத் தவிர வேறு செல்வம் அறியாத ஓர் ஊர், ஆணும் பெண்ணும் சிறுவருமாகக் கொப்பரை உலர்த்தி, தவணை தவணையாகக் கட்டி, 1887-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி கடைசித் தவணையைத் தீர்த்தது. அந்த நாளை மகிழ்ச்சி நாள் என்று பெயரிட்டு இன்றும் வைதுப்பில் கொண்டாடுகிறார்கள். படையெடுப்பில் வென்ற நாளையும் மன்னன் முடிசூடிய நாளையும் கொண்டாடும் தேசங்கள் பல. கடனைத் தீர்த்த நாளைத் திருநாளாகக் கொண்டாடும் ஊர் நாம் அறிந்தமட்டில் இது ஒன்றே.

அப்படிப்பட்ட ஊர், யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினரிடம் வேலை செய்து ஈட்டிய பணத்தைச் செலவழித்துவிடாமல் ஊர்ப்பொதுவில் சேர்த்து வைத்தது. ஐந்தரைச் சதுர கிலோமீட்டரே உள்ள தங்கள் தீவில் பிள்ளைகள் பெருகிக்கொண்டே போகிறார்கள், நாளை அவர்களுக்கு நிலம் போதாது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. தீவின் பள்ளிக்கூடத்தில் முன்பு தலைமையாசிரியராக இருந்த டொனால்டு கென்னடி, பிஜியில் நிலம் வாங்கும்படி ஆலோசனை கூறினார். 1946-இல், மூவாயிரம் பவுன் கொடுத்து, கியோவா என்ற மலைப்பாங்கான தீவு ஒன்றை வைதுப்பு மக்கள் சொந்தமாக விலைக்கு வாங்கினார்கள். அப்போது கடல் மட்டம் உயர்வதைப் பற்றி எவரும் பேசவில்லை. துன்பம் எதுவும் வாசலுக்கு வந்து நிற்கவில்லை. மறு ஆண்டு 37 பேர் மட்டும் முதலில் புறப்பட்டார்கள். அவர்கள் போய்க் காட்டைத் திருத்தி, பவளத் தீவில் பிறந்த கைகளுக்குப் பழக்கமில்லாத மலைச்சரிவிலும் களிமண்ணிலும் பயிர் செய்யக் கற்று, குடிசை போட்ட பிறகு, அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 235 பேர் சிறுகச் சிறுகப் பின்தொடர்ந்தனர். 1983 வரையில் போக்குவரத்து நீண்டது. போனவர்கள் வைதுப்பின் மொழியையும் ஆட்டத்தையும் ஊர்ச்சபைச் சம்பிரதாயத்தையும் கொண்டு சென்றார்கள். இருந்தவர்கள் தங்கள் தீவிலேயே இருந்தார்கள்.

ராம்பியில் இறங்கியவனும் கியோவாவில் இறங்கியவனும் ஒரே கடலைக் கடந்தவர்கள், ஒரே நாட்டில் குடியேறியவர்கள், இருவருக்கும் பிஜிப் பிரஜா உரிமை கிடைத்ததும் 2005-ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஆயினும் ஒருவன் கொண்டுவந்து இறக்கப்பட்டவன். மற்றவன் வந்து சேர்ந்தவன். எவன் புறப்படுகிறானோ அவனே நாளையும் வழியையும் தீர்மானிப்பது, தன் காலடியில் நிலம் உறுதியாக இருக்கும்போதே அதைத் தீர்மானிப்பது, முன்னே சிலரை அனுப்பிப் பார்ப்பது, திரும்பி வரும் வாசலை அடைக்காமல் வைப்பது ஆகிய இவையே அவ்விருவருக்கும் இடையே உள்ள பேதம். கியோவாவின் தலைவராக விளங்கிய நெலி லிஃபுகா கூறிய வரலாறு 1978-இல் புத்தகமாக வந்தது; கடல் நீரோட்டத்தில் போகும் கட்டைகள் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. நீர் இழுத்த வழியே போகும் தெப்பத்தை நினைத்த நம் கணியன் பூங்குன்றனாரை அந்தத் தலைப்பு நமக்கு நினைவூட்டினாலும், கியோவாவுக்குச் சென்றவர்களை வெறும் கட்டைகளாக எண்ண நம் மனம் ஒப்பவில்லை. அவர்கள் கையில் துடுப்பு இருந்தது.

பிஜி என்றவுடன் தமிழருக்கு ஒரு துயரம் நெஞ்சில் எழாமற் போகாது. 1903 முதல் 1916 வரையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய பதினையாயிரம் தென்னிந்தியர், ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் நாவில் கிர்மிட் ஆயிற்று. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தவர்கள் அநேகர். அவர்களுள் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டு பாரதியார் நெஞ்சுருகிப் பாடினார். அவர்களுடைய சந்ததியார் இன்று ராம்பியாருக்கும் கியோவாவாருக்கும் சக பிரஜைகள். போகும் ஊர் எது, திரும்பும் வழி எது என்று கேட்கும் உரிமைகூட இல்லாமல் அனுப்பப்பட்ட பரம்பரையில் வந்த நாம், துவாலுக்காரர் உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதைக் கண்டு மகிழ வேண்டியவர்கள்.

அண்மைக் காலத்தில் கிரிபாட்டி தேசம் இவ்வழியில் ஓர் அடி வைத்தது. மானத்தோடு குடிபெயர்தல் என்ற கொள்கையைப் பரப்பிய ஜனாதிபதி அனோட்டே டோங்கின் ஆட்சியில், 2014-இல், வனுவா லெவுவிலே இருபது சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நிலத்தை இங்கிலாந்துத் திருச்சபையிடமிருந்து அரசாங்கம் விலைக்கு வாங்கிற்று. பின்வந்த ஆட்சியினர், நம் ஜனங்கள் எங்கும் போக வேண்டியதில்லை என்று கூறி அந்தப் பேச்சைத் தளர்த்தினர். ஆட்சி மாறினால் கலைந்துவிடும் ஆயத்தம் எத்தகைய ஆயத்தம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நிலம் இன்னும் அவர்களுடையதாகவே இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

துவாலு நிலம் வாங்கவில்லை, உடன்படிக்கை செய்துகொண்டது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில், குக் தீவுகளில் நடந்த பசிபிக் நாடுகளின் மாநாட்டின்போது, ஆஸ்திரேலியப் பிரதமர் ஆந்தனி அல்பனீசும் அன்றைய துவாலுப் பிரதமர் கவுசேயா நட்டானோவும் வெளியிட்ட அந்த உடன்படிக்கைக்கு ஃபலேபிலி என்று பெயர்; அருகருகே வீடு கட்டி வாழ்வோர் ஒருவரையொருவர் உறவினரைப்போல் பேணும் அண்டை தர்மத்தைக் குறிக்கும் துவாலுச் சொல் அது. 2024 ஆகஸ்டு 28-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. குலுக்கலில் தேறியவருக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கைவசம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. போய் இறங்கிய நாள் முதல் படிக்கலாம், உழைக்கலாம், அரசாங்க வைத்திய வசதி பெறலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் ஊருக்கு வந்து திரும்பலாம். ஆண்டுக்கு 280 என்று வரையறுத்ததும் ஆழ்ந்த யோசனையின் பயனே. ஒரே ஆஸ்பத்திரி உள்ள தேசத்தில் பத்துத் தாதியர் ஒரு சேரப் புறப்பட்டால் பிணியாளர் கதி என்ன? ஆசிரியர் இருவர் போனால் ஒரு தீவின் பள்ளிக்கூடம் என்னாவது? 280 என்ற விகிதத்தில், எல்லோரும் போவதாகவே வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் செல்லும். ஒரு ஜனசமூகம் தன் மூப்பர் இறக்கவும் குழந்தைகள் வளரவும் அவகாசம் எடுத்துக்கொண்டு நகர்வதற்கு அது ஏற்ற அளவு.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. வேறெந்த நாட்டோடும் பாதுகாப்புத் தொடர்பான ஏற்பாடு செய்துகொள்வதானால் ஆஸ்திரேலியாவின் சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும் என்ற ஷரத்து உடன்படிக்கையில் இருக்கிறது. சுதந்திரத்தில் ஒரு பங்கை அடகு வைத்துவிட்டார்கள் என்று துவாலுவுக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமற்றது என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. தலைக்குமேல் கூரை தருகிறவன் வாசற்கதவின் சாவியையும் கேட்பது அண்டை தர்மத்துக்கு முழுதும் பொருந்தியது ஆகாது. ஆனால் அதே உடன்படிக்கையில், கடல் உயர்ந்து நிலம் மறைந்தாலும் துவாலு என்னும் ராஜ்யம் ராஜ்யமாகவே நீடிக்கும் என்று ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதையும் சீர்தூக்க வேண்டும்.

அந்த ஒப்புதலின் அருமை சுலபமாகப் புலப்படாது. துவாலுவின் நிலம் 26 சதுர கிலோமீட்டராயினும், அதற்கு உரிமையான கடற்பரப்பு ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அந்நியக் கப்பல்கள் அங்கே மீன் பிடிக்கச் செலுத்தும் உரிமக் கட்டணம் அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு. நிலமில்லாத தேசத்துக்குக் கடல் ஏது என்று நாளை ஒருவன் வழக்காடினால் என் செய்வது? 2023-இல் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி, நிலத்துக்கு எது நேர்ந்தாலும் துவாலு என்றும் ராஜ்யமாகவே நிலைத்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அளித்த ஆலோசனைத் தீர்ப்பில், ஒருமுறை ராஜ்யமாகிவிட்ட ஒன்று, அதன் அங்கங்களில் ஒன்று மறைவதாலேயே ராஜ்யத் தன்மையை இழந்தாக வேண்டியதில்லை என்ற கருத்து இடம்பெற்றது. 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்கென, முழங்காலளவு கடல்நீரில் கோட்டும் சூட்டுமாக நின்று பேசி உலகத்தின் கவனத்தைத் திருப்பிய அமைச்சர் சைமன் கோஃபேயின் முயற்சியால், பெரிதும் சிறிதுமாகிய 124 தீவுகளையும் திட்டுகளையும் மேடுபள்ளம் பிசகாமல் அளந்து, கணினியிலே முப்பரிமாணப் படமாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

புறப்பட ஆயத்தம் செய்கிற அதே கைகள் நிலத்தை உயர்த்திக்கொண்டும் இருக்கின்றன. ஃபுனாஃபுட்டியின் காயலோரத்தில், அடியிலிருந்து மணலை வாரி இறைத்து, ஏழு ஹெக்டேருக்கு மேற்பட்ட புதுநிலத்தை, உயரும் கடலுக்கு மேலாக 2100-ஆம் ஆண்டு தாண்டியும் நிற்கும் என்ற கணக்கில் மேடாக்கி எழுப்பியிருக்கிறார்கள். இருக்கவும் ஆயத்தம், போகவும் ஆயத்தம். இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதாக வெளியிலிருந்து பார்ப்போர் சொல்லக்கூடும். வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டே மகனைப் படிக்க அயலூருக்கு அனுப்பும் எந்தத் தகப்பனுக்கும் இதில் முரண்பாடு தோன்றாது.

ஒன்றுக்கு மட்டும் எந்த உடன்படிக்கையிலும் ஷரத்து இல்லை. துவாலுவில் இறந்தோரை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்வது பலருக்கு வழக்கம். சிமெண்டுத் திண்ணை கட்டி, கூரை வேய்ந்து, பூமாலை சாத்தி, அதன் பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடவும் பெண்கள் ஓலை முடையவும் காணலாம். பாட்டனும் பாட்டியும் வாசலில் இருக்கிறார்கள். 280 என்ற எண்ணிக்கையில் அவர்களுக்கு இடமில்லை. முப்பரிமாணப் படத்தில் அந்தத் திண்ணையின் உயரம் பதிவாகியிருக்குமேயன்றி, அதன்மேல் உட்கார்ந்து வெற்றுப் பொழுதைக் கழித்த மாலைகள் பதிவாகியிரா. பெயர் பதிந்த 8,750 பேரும் இந்தக் கணக்கைத் தங்களுக்குள் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறோம். திரும்பி வரும் உரிமையை அவர்கள் உடன்படிக்கையில் கேட்டு வாங்கியது அதனால்தானோ என்னவோ. பிஜியிலிருந்து வாரத்தில் சில நாட்கள் ஃபுனாஃபுட்டிக்கு விமானம் வருகிறது. சங்கு ஊதியதும் பந்தாடுகிறவர்கள் விலகி நிற்கிறார்கள். அந்த ஓடுபாதை தண்ணீருக்கு மேலே தெரியும் வரையில் விமானம் இறங்கும்.